பிரஸ் ஆயில்

கலப்பையில் உட்கார்ந்து போன கதையை நம் வயதுக்காரர்கள் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறோம். கல்யாண வீட்டுப் பந்தியில் நாலு பேர் சேர்ந்தால் போதும். "அப்பல்லாம் ட்ராக்டருக்குப் பின்னால பாரத்துக்கு எங்களைத்தான ஏத்துவாக" என்று ஒருவர் தொடங்குவார். இன்னொருவர் உழுத மண்ணைச் சமப்படுத்தும் பரம்புப் பலகையில் நின்றபடி நிலம் முழுக்கச் சுற்றியதைச் சொல்வார். விழுந்து முட்டி பெயர்ந்தது, மண்ணை அள்ளி அப்பிக்கொண்டது எல்லாம் வரும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அதெல்லாம் எங்கே கிடைக்கும் என்று முடியும். நானும் அந்தப் பந்தியில் உட்கார்ந்து சிரித்தவள்தான்.

போன பொங்கலிலிருந்து சிரிப்பு வரவில்லை. அந்தப் பேச்சை யாராவது எடுத்தாலே வாயில் எச்சில் ஊறுகிறது. வாந்திக்கு முன்னால் ஊறுமே, அந்த எச்சில்.

எங்கள் ஊர் வெம்பக்கோட்டைக்கும் ஏழாயிரம்பண்ணைக்கும் இடையில், தார் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. கரிசல் நிலம். மழை பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் முள்ளுதான். ஊரில் பாதிப்பேர் பட்டாசுக் கம்பெனிக்குப் போவார்கள். அப்பா சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் மெஷின் ஓட்டினார். காலண்டரும் டைரி அட்டையும் அச்சடிக்கிற பெரிய மெஷின். நிலத்தைப் பார்த்துக்கொண்டது அவருடைய அண்ணன், என் பெரியப்பா. நிலம் இரண்டு பேருக்கும் பொது. ஆனால் ட்ராக்டர் பெரியப்பாவுடையது. யாரிடமோ பழசாக வாங்கியது. வாங்கும்போதே அதற்கு என் அப்பாவின் வயதில் பாதி இருக்கும். சிவப்பு வண்ணம் வெளுத்து, மூக்கில் மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

அதைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ட்ராக்டரின் பின்னால் இரண்டு இரும்புக் கைகள் உண்டு. மண்ணைக் கிழிக்கிற இரும்பு முனை, கொழு, ஒன்பது வைத்த கலப்பை அதில் தொங்கும். சீட்டுக்கு வலப்பக்கம் ஒரு கம்பி. அதை மேலே இழுத்தால் உள்ளே ஆயில் அழுத்தம் ஏறி, கைகள் கலப்பையைத் தூக்கும். கீழே விட்டால் ஆயில் திரும்பி ஓடி, கலப்பை தன் கனத்தில் இறங்கும். ஊரில் இதற்கு லிப்ட் என்று பெயர். உழும்போது இறக்க வேண்டும், வரப்பு வந்தால் தூக்கித் திருப்ப வேண்டும், மறுபடி இறக்க வேண்டும். லிப்ட் வேலை செய்யாவிட்டால் ட்ராக்டர் வெறும் சத்தம்தான்.

எனக்கு ஒன்பது வயதான வருடம் தீபாவளி முடிந்து மூன்றாம் நாள் மழை பிடித்தது. நம் பக்கத்தில் தீபாவளி முடிந்தால் கம்பெனிகளுக்கு லீவு. விடியற்காலையில் ஆட்களை அள்ளிக்கொண்டு போகிற வேன்கள் ஒன்றும் வராது. ரோடு வெறிச்சென்று கிடக்கும். பெண்கள் நகக்கண்ணில் ஒட்டிய வெள்ளி மருந்துப் பொடி போகாமல் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேன் பார்ப்பார்கள். பெரியவர்களுக்கு அது ஓய்வு. எங்களுக்குப் பள்ளிக்கூடம் மழையில் ஒழுகியதால் லீவு.

கரிசலில் மழை நின்ற பிறகு உழுவதற்கு ஒரு பதம் உண்டு. முந்தினால் சேறு கலப்பையைப் பிடித்துக்கொள்ளும். பிந்தினால் மண் இறுகிக் கட்டி கட்டியாகப் பெயரும். நடுவில் நாலைந்து நாள்தான். அந்த நாலைந்து நாளைக்குள் உழுது விதைத்துவிட வேண்டும். பெரியப்பா காலையில் எழுந்ததும் நிலத்துக்குப் போய் ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைவார். அந்த மண்ணை வைத்துத்தான் அன்றைக்கு வீட்டில் யாருக்குத் திட்டு, யாருக்குச் சிரிப்பு என்பது முடிவாகும்.

லிப்ட் அந்த வாரத்தில்தான் மக்கர் பண்ணியது.

முதலில் முக்கி முக்கித் தூக்கியது. பெரியப்பா ஆயில் குறைச்சல் என்றார். அந்த வண்டியில் கியருக்கும் லிப்டுக்கும் ஒரே ஆயில்தான். அப்பாவிடம் சொன்னார். அப்பா மறுநாள் சிவகாசியிலிருந்து பஸ்ஸில் ஒரு வெள்ளை கேன் கொண்டு வந்தார். சீட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டு வந்ததில் கொஞ்சம் கசிந்து அவர் வேட்டிக் கரையில் நீலமாகப் படிந்திருந்தது. அச்சு மெஷினில் ஓடி முடித்து வடித்த ஆயில். மை நாற்றம், மண்ணெண்ணெய் நாற்றம், பசை நாற்றம், அதற்குக் கீழே செத்த எலி போல ஒன்று. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அந்தக் கருமத்தை வீட்டுக்குள்ள கொண்டாராதீக."

"கருமம் இல்ல. மெஷினுக்கு ஊத்துற ஆயிலு. சும்மா சாக்கடையில கொட்டுறாக. வடிகட்டி ஊத்தினா வண்டி பறக்கும்" என்றார் அப்பா. பிரஸ்ஸில் எல்லாரும் கொட்டுவதை, தான் ஒருவர் மட்டும் உபயோகமாக்கிவிட்டதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

பழைய வேட்டித் துணியில் வடிகட்டினார்கள். துணியில் நீலமும் சிவப்புமாகச் சளி போல நின்றது. அதை அக்கா குச்சியால் தொட்டு என் கையில் பூசினாள். மூன்று நாள் சோப்புப் போட்டும் போகவில்லை.

அக்கா என்றால் என் உடன்பிறந்த அக்கா. அப்போது அவளுக்குப் பதின்மூன்று, எனக்கு ஒன்பது. அவள் பூசினாற்போல இருப்பாள். ஊரில் அவளைக் குண்டு என்பார்கள். பெரியப்பா பாசமாகத்தான் கூப்பிடுவார், "ஏத்தா குண்டு, இங்கன வா" என்று. அவள் போவாள். இடது காலில் கொலுசு சிணுங்கும். வலது கொலுசு அதற்கு முந்தின வருடமே கிணற்றில் விழுந்துவிட்டது. இரண்டையும் தொலைத்தால் கொன்றுபோடுவேன் என்று அம்மா சொல்லியிருந்ததால் இடது கொலுசின் திருகாணியைத் தினமும் இறுக்குவாள்.

புது ஆயில் ஊற்றியதும் லிப்ட் நன்றாகத் தூக்கியது. அப்பா என்னைத் தோளில் தட்டினார். ஆனால் மதியத்துக்குள் வேறொரு கோளாறு. தூக்கிய கலப்பை இறங்க மாட்டேன் என்றது. பெரியப்பா கம்பியைக் கீழே தள்ளினார். கலப்பை ஆகாயத்திலேயே நின்றது. கொஞ்ச நேரம் கழித்து நொண்டிக்கொண்டு இறங்கியது.

"பாரம் பத்தல" என்றார் பெரியப்பா. "ஏத்தா குண்டு, ஏறு."

அக்கா கலப்பைச் சட்டத்தின் மேல் ஏறி உட்கார்ந்தாள். குதிக்கச் சொன்னார். குதித்தாள். கலப்பை இறங்கியது. பெரியப்பா கைதட்டினார். "பாத்தியாலே தம்பி, உன் மக எம்புட்டு உபயோகம்னு!" அப்பா சிரித்தார். அப்படித்தான் அது வழக்கமானது. அன்று மதியத்திலிருந்து மறுநாள் சாயந்தரம் வரை அக்கா கலப்பையின் மேல் உட்கார்ந்து மேலும் கீழும் போனாள். சட்டத்தில் காலை வைத்துக்கொள்ள இடமில்லை. கொழுக்களுக்கு நடுவில் தொங்கப்போட்டுக்கொள்வாள். ஊஞ்சல் என்றாள். நான் ஏறுகிறேன் என்று அழுதேன். "நீ சுள்ளி. உன் பாரத்துக்கு எங்கன இறங்கும்?" என்றார் பெரியப்பா. ஆறுதலுக்காக என்னை முன்னால், சீட்டுக்கு வலப்பக்கம் நிறுத்திக்கொண்டார். சில சமயம் கம்பியை என் கையில் கொடுப்பார்.

பெரியப்பாவுக்கு ஒரு மகன், எங்கள் அண்ணன். விருதுநகரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். தீபாவளிக்கு வந்தவனை மழை பிடிக்கும் முன்பே பஸ் ஏற்றிவிட்டார்கள். சேற்றில் கால் வைத்தால் காய்ச்சல் வந்துவிடுமாம். அவன் அந்தக் கலப்பையில் ஒருநாளும் ஏறியதில்லை. இதை அப்போது நான் யோசிக்கவில்லை. இப்போது வேறு எதையும் யோசிக்க முடியவில்லை.

இரண்டாம் நாள் மாலை சாத்தூரிலிருந்து மெக்கானிக் வந்தார். ஒல்லியான ஆள், மொபெட்டில் வந்து இறங்கினார். வண்டியைத் தொடவில்லை. முதலில் கேள்விதான் கேட்டார்.

"கலப்பையைக் கழத்திட்டு வெறுங்கையைத் தூக்கிப் பாத்தீகளா அண்ணாச்சி?"

"அது தூக்குது" என்றார் பெரியப்பா.

"காலையில எப்படி? சூடேறின பிறகு எப்படி?"

"காலையில கல்லு மாதிரி நிக்கி, இறங்க மாட்டேங்கு. மதியத்துக்கு மேல பரவாயில்ல."

"தூக்கி வச்சு எஞ்சினை நிறுத்தினா நிக்குதா, தானா இறங்குதா?"

"ஒருக்க நிக்குது. ஒருக்க இறங்குது. அதுக்கு என்ன கிறுக்கோ."

மெக்கானிக் சீட்டுக்கு அடியிலிருந்து, ஆயில் மட்டம் பார்க்கும் அளவுக் கம்பியை உருவினார். நுனியில் நீலக்கறுப்பாக ஒரு சொட்டு நூல் போல இழுத்துக்கொண்டு நின்றது. இரண்டு விரலில் தேய்த்தார். முகர்ந்தார். முகத்தைச் சுளித்தார்.

"என்னத்த ஊத்துனீக?"

"எங்க மெஷின்ல வடிச்சது. நல்ல ஆயிலுதான்" என்றார் அப்பா.

"நல்லாத்தான் இருக்கு. இதுலயே காலண்டர் அடிச்சிரலாம் போல. நாலு கலரும் கிடக்கு." எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, உள்ளே வால்வு ஒண்ணு இருக்கு. முடி நுழையாத இடுக்குல ஓடுறது. இந்தக் கசண்டும் பேப்பர் தூசியும் அதுல போயி உக்காருது. உக்காந்தா இறங்காது. விலகிச்சுன்னு வைங்க, ஒரேயடியா விழும். எப்ப விலகும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆயிலை முழுக்க வடிச்சு, சல்லடையைக் கழத்தி, மண்ணெண்ணெய் விட்டு அலசணும். ஒரு காலைப்பொழுது வேலை. நாளைக்கு வரட்டா?"

பெரியப்பா மேற்கே பார்த்தார். காற்று வீசிக்கொண்டிருந்தது. "நாளைக்கு ஒருநாள் போச்சுன்னா ஈரம் போயிரும். விதைப்பு முடியட்டும்."

"உங்க இஷ்டம். அதுவரைக்கும் பின்னால ஆளை ஏத்தாதீக. சின்னப் புள்ளையளை ஏத்தவே ஏத்தாதீக."

இந்த வார்த்தையை நான் என் காதால் கேட்டேன். அப்பா கேட்டார். பெரியப்பா கேட்டார். மொபெட் சத்தம் ஓய்வதற்குள் பெரியப்பா சொன்னார்: "ஆயில் விக்கப் பாக்கான் களவாணிப்பய." அப்பா அதற்கும் சிரித்தார். அண்ணன் சொன்னால் சிரிக்க வேண்டும் என்பது அவருக்குச் சிறு வயதிலிருந்து பழக்கம்.

மூன்றாம் நாள் காலை. எங்கள் மேல்காட்டு நிலத்தில் கடைசித் துண்டு. வெயில் ஏறவில்லை. வரப்போரம் தூக்கிய கலப்பை இறங்கவில்லை. அக்கா குதித்தாள். இறங்கவில்லை. அக்கா எழுந்து நின்று குதித்தாள். "இன்னும் ரெண்டு இட்லி தின்னுட்டு வந்திருக்கணும் குண்டு" என்றார் பெரியப்பா. எஞ்சினை ஓடவிட்டே கீழே இறங்கினார். சுத்தியலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். சீட்டுக்கு அடியில் லிப்ட் பெட்டியின் மேல் தட்டத் தொடங்கினார். என்னைப் பார்த்துக் கத்தினார்.

"கம்பியை ஆட்டுத்தா! மேலயும் கீழயும், நல்லா ஆட்டு!"

ஆட்டினேன். எனக்குப் பெருமையாக இருந்தது. திரும்பி அக்காவைப் பார்த்தபடி ஆட்டினேன். அவள் நாக்கைத் துருத்திக் காட்டினாள். பெரியப்பா ஓங்கி ஓர் அடி அடித்தார்.

கலப்பை இறங்கவில்லை, விழுந்தது. அக்காவின் நாக்கு இன்னும் வெளியேதான் இருந்தது. சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.

கொழு அவள் இடது பாதத்தின் முன்பக்கம் இறங்கியிருந்தது. பெரியப்பா என்னைத் தள்ளிவிட்டுக் கம்பியைப் பிடித்து மேலே இழுத்தார். லிப்ட் தூக்கவில்லை. மூன்று நாளாக இறங்காமல் கிடந்தது, இப்போது தூக்கவில்லை. எஞ்சின் ஊளையிட்டது. கடைசியில் கையால் மண்ணைத் தோண்டித்தான் காலை எடுத்தார். டூல் பெட்டியில் கிடந்த பஞ்சு வேஸ்ட்டை எடுத்துக் கட்டினார். அது முதல்நாள் ஆயில் துடைத்த பஞ்சு. நீலமும் ரத்தமும் சேர்ந்து வந்த அந்த நிறத்துக்கு இன்றுவரை எனக்குப் பெயர் தெரியவில்லை. அலுவலகத்தில் யாராவது அந்த நிறத்தில் புடவை கட்டி வந்தால் அன்றைக்கு நான் சாப்பிடுவதில்லை.

கலப்பை மண்ணில் மாட்டிக்கொண்டதால் ட்ராக்டரும் நகரவில்லை. பெரியப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். மற்ற மாதமாக இருந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு கம்பெனி வேன் போகும் ரோடு. அன்றைக்கு ஒரு சைக்கிள் கூட இல்லை. முக்கால் மணி நேரம் கழித்துப் பஸ் வந்தது. அக்கா அதற்குள் அழுகையை நிறுத்திவிட்டாள். "கொலுசு, கொலுசு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கட்டைவிரலையும் அடுத்த விரலையும் எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் சாயந்தரம் நான் அம்மாவோடு மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். ஓடிப்போய் மேல்காட்டைப் பார்த்தேன், கொலுசு கிடக்கிறதா என்று. அந்தத் துண்டு உழுது முடிந்திருந்தது. விதைத்தும் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பெரியப்பா விபத்து நடந்த அன்று மாலையே மெக்கானிக்கை வரவழைத்திருக்கிறார். அவர் எல்லாவற்றையும் கழற்றி அலசியிருக்கிறார். சொன்னபடியே அது அரை நாள் வேலையாகத்தான் இருந்தது. கருவேல மரத்தடியில் சல்லடையிலிருந்து வழித்த கசண்டு குவிந்து கிடந்தது. நீலம், சிவப்பு, மஞ்சள், நடுநடுவே ஈரப் பேப்பர் நார். அதன் மேல் ஈ கூட உட்காரவில்லை. ரத்தம் விழுந்த இடத்தில் நேர்க்கோடாக ஒன்பது சால் ஓடியிருந்தது. ஈரம் போயிருமே, அதனால்.

நம் வீட்டுப் பெரியவர்கள் எவ்வளவு சீக்கிரம் ஒரு கதையைச் செய்துவிடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அக்கா வீடு திரும்புவதற்குள் கதை தயார். "காலைத் தொங்கப்போடாதேன்னு நூறு தடவை சொன்னேன். கேட்டாத்தான?" என்றார் பெரியப்பா. யாரும் ஒரு தடவை கூடச் சொன்னதில்லை. பார்க்க வந்தவர்கள் அவளைத்தான் கடிந்துகொண்டார்கள், சேட்டைக்காரி என்று. அம்மாவும் ஒருநாள் சொல்லிவிட்டாள். அப்பா எதுவும் சொல்லவில்லை. மெக்கானிக் சொன்னதை அவர் யாரிடமும் திருப்பிச் சொல்லவில்லை. அடுத்த வருடம் மழைக்கு முன்னால் அதே வெள்ளை கேனில் மறுபடி பிரஸ் ஆயில் கொண்டு வந்தார். நம்ப மாட்டீர்கள். நான் பார்த்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி, கேனை மாற்றி மாற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, நொண்டிக்கொண்டு தனக்கு எதிரே வந்த மகளின் கையில் டிபன் டப்பாவைக் கொடுத்துவிட்டு, நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போனார்.

இவர்களையெல்லாம் சொல்கிறேனே, நானும் சொல்லவில்லை. கம்பி என் கையில் இருந்தது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை. தப்பு அக்காவின் கால்மேல் இருக்கும்வரை என் கைமேல் வராது என்பது ஒன்பது வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. அக்காவுக்கு வரன் பார்த்த காலத்தில், வந்தவர்கள் பாதத்தைக் காட்டச் சொன்னார்கள். அவள் பாயில் உட்கார்ந்து புடவைக் கரையைத் தூக்கிக் காட்டுவாள். நான் காபி தம்ளர்களோடு கதவுக்குப் பின்னால் நிற்பேன். அப்போதும் சொல்லவில்லை. முப்பத்தொன்றில் அவளுக்குக் கல்யாணம் ஆனது. சிவகாசியில் டைரி பைண்டிங் செய்கிறவர். நல்ல மனிதர். இப்போது இருவருமாகச் சின்ன யூனிட் ஒன்று நடத்துகிறார்கள். அக்கா உட்காரும்போது இடது காலைப் புடவைக்குள் இழுத்துக்கொள்வாள். அது அவளுக்கே தெரியாது.

பெரியப்பாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ட்ராக்டர் போகவில்லை. அண்ணன் போன வருடம் அதற்குச் சிவப்பு வண்ணம் அடித்து, புது டயர் போட்டு, பழைய காலத்து வண்டி என்று பெயர் கொடுத்து வாசலில் நிறுத்தியிருந்தான். வருகிறவர்கள் எல்லாம் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். போன பொங்கலுக்கு நாங்கள் எல்லாரும் அங்கே கூடினோம். வண்டிக்குச் சந்தனம், குங்குமம், இரண்டு பக்கமும் கரும்பு. நான் அடுப்படியில் இருந்தேன். எஞ்சின் சத்தம் கேட்டது. பிள்ளைகள் "ஹோ" என்று கத்தியது கேட்டது. கையிலிருந்த கரண்டியோடு வெளியே வந்தேன்.

ஒன்பது கொழுக் கலப்பை இடுப்புயரத்துக்குத் தூக்கி நின்றது. அதன் மேல் வரிசையாக ஐந்து பிள்ளைகள். நடுவில் என் மகள். ஏழாவது படிக்கிறாள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலைக் கொழுக்களுக்கு நடுவில் தொங்கப்போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் சீட்டில் உட்கார்ந்து, பின்னால் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. அடுப்படியிலிருந்த எல்லாரும் ஓடி வந்துவிட்டார்கள்.

"ஏத்தா, என்னத்துக்கு இப்படிக் கத்துத? இந்தா, இறக்கி விட்டுருதேன்" என்று அண்ணன் கம்பிக்குக் கையைக் கொண்டுபோனான்.

"கம்பியைத் தொடாதீக! அண்ணே, கம்பியைத் தொடாதீக! எஞ்சினையும் தொடாதீக!"

கரண்டியைப் போட்டுவிட்டு ஒவ்வொரு பிள்ளையாகக் கக்கத்தில் கை கொடுத்து எடுத்துத் தூரமாக விட்டேன். என் மகளைக் கடைசியில்தான் எடுக்க முடிந்தது. அவள் நடுவில் இருந்தாள். "அம்மா, எல்லாரும் பாக்காங்கம்மா" என்றாள் வெட்கத்தோடு. அவள் கால்கள் கொழுவைத் தாண்டி வெளியே வரும்வரை பிடியை விடவில்லை.

அண்ணன் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினான். "சின்னப்புள்ளையள் ஆசைப்பட்டுச்சு. நீங்கள்லாம் ஏறி விளையாடலையா? அப்பா எம்புட்டுக் கதை சொல்லியிருக்காக."

சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். அளவுக் கம்பி எங்கே இருக்கிறது என்று நாற்பது வருடம் கழித்தும் கைக்குத் தெரிந்திருந்தது. உருவினேன். நுனியில் நீலக்கறுப்பாக ஒரு சொட்டு, நூல் போல இழுத்துக்கொண்டு. முகர வேண்டிய தேவையே இல்லை. நாற்றம் முன்னாலேயே வந்துவிட்டது.

"என்ன ஆயில்ண்ணே இது?"

"பிரஸ் ஆயில்தான். என் மச்சினன் வேலை பாக்குற பிரஸ்ல வடிக்கிறது." அவன் முகத்தில் கள்ளமே இல்லை. "வடிகட்டித்தான் ஊத்துனேன். இந்த வண்டிக்கு அதுதான் சேரும். அப்பா சாகுறவரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாக. சித்தப்பா கண்டுபிடிச்சதுன்னு."

அதைக் கேட்டபோது வந்த குமட்டலை என்னால் அடக்க முடியவில்லை. வாசல் ஓரம் போய்க் குனிந்துவிட்டேன். என் அக்காவின் விரலைத் தின்ற சாக்கடையை இந்த வீட்டில் ஒரு பழக்கமாக்கி, பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சொன்னதில் என் அப்பாவின் பேரும் இருக்கிறது.

நிமிர்ந்தபோது அக்கா பக்கத்தில் தண்ணீர்ச் செம்போடு நின்றாள். வாயைக் கொப்பளித்தேன். எல்லாரும் இருந்தார்கள். அப்போது சொன்னேன்.

"அக்கா, அன்னைக்குக் கம்பி என் கையில இருந்துச்சு. பெரியப்பா ஆட்டச் சொன்னாக. மெக்கானிக் ஆளை ஏத்தாதீகன்னு முந்தின நாளே சொல்லிட்டுப் போனாரு. நானும் கேட்டேன். நீ காலைத் தொங்கப்போட்டதுனால இல்ல."

அக்கா செம்பை வாங்கிக்கொண்டாள்.

"தெரியும். கம்பி உன் கையில இருந்தது எனக்குத் தெரியாதா? உன்னைப் பாத்துத்தான நாக்கைத் துருத்தினேன்." செம்பில் மிச்சமிருந்த தண்ணீரைக் கீழே ஊற்றினாள். "மெக்கானிக் சொன்னது தெரியாது. நீ ஏதாவது சொல்லுவன்னு ரெண்டு மூணு வருசம் பாத்தேன். பிறகு விட்டுட்டேன்."

என்னைத் தொடவில்லை. செம்பை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு ட்ராக்டர் பக்கம் போனாள். "எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்றாள். கரும்பைப் பிடித்து, வலது காலை ஊன்றி, முன்னால் ஏறிக் கம்பியைப் பிடித்துக் கீழே தள்ளினாள்.

கலப்பை அசையவில்லை.

"அது கொஞ்ச நேரம் ஆகும் அத்தை. குளிருக்கு..." என்று அண்ணனின் மகன் ஒருவன் சொன்னான். அக்கா கம்பியை விடவில்லை. எண்ணினால் இருபது எண்ணியிருக்கலாம். ஒரு சின்னப் பெண் சிரிக்கத் தொடங்கினாள்.

விழுந்தது. வாசல் அதிர்ந்தது. ஒன்பது கொழுவும் பொங்கல் கோலத்துக்குள் இறங்கி நின்றன. நடுக் கொழு என் மகளின் செருப்பு ஒன்றைத் துளைத்து மண்ணில் புதைத்திருந்தது. கழற்றிப் போட்ட இடத்திலேயே கிடந்த செருப்பு.

அண்ணன் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு உள்ளே போனான். ஸ்பேனரும், பழைய குளியல் டப்பும் கொண்டு வந்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தான். என்னிடம் கேட்டான், "எந்த நட்டுத்தா?" பிந்தைய வருடங்களில் ஆயில் மாற்றும்போது பார்த்திருந்த நட்டைத் தொட்டுக் காட்டினேன். ஆயில் கொட்டத் தொடங்கியது. வெகுநேரம் கொட்டியது.

"ஏம்மா இது நீலமா இருக்கு?" என்றாள் என் மகள். அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன், என் கை உட்பட.

திரும்பும்போது பஸ்ஸில் அவளுக்கு ஒரு காலில்தான் செருப்பு. அதையும் கழற்றிவிட்டு இரண்டு காலையும் என் மடியில் நீட்டித் தூங்கிவிட்டாள். மற்ற நாளாக இருந்தால் அடித்திருப்பேன், புடவை அழுக்காகும் என்று. சாத்தூர் தாண்டும்வரை அவள் விரல்களைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தேன். பத்தும் இருந்தன. எண்ணி முடித்தபோது ஒவ்வொரு விரலிலும் நீலமாக என் கைரேகை பதிந்திருந்தது.